முட்டையோடும் குருதியும்



டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைப் பற்றிப் பேச வருகிறவர் அதனால் விளைந்த நன்மையை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடி இந்தியர்களை மலேரியா வாட்டியது. எட்டு லட்சம் பேர் அதற்குப் பலியானார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வீட்டுச் சுவர்களில் இந்த மருந்தை அடித்தது. 1960களின் நடுவில் நோயாளிகளின் தொகை ஒரு லட்சத்தை ஒட்டி வந்து நின்றது. அப்படிப் பிழைத்த குடும்பங்களின் வாரிசுகள் இந்த அரங்கிலும் இருப்பார்கள். ஆனால் சுவருக்கு அளவோடு அடித்த மருந்தையே விமானத்தில் ஏற்றி வயலிலும் காட்டிலும் கொட்டியது வேறு செயல். இரண்டையும் சேர்த்துப் புகழ்வதும் சேர்த்து இகழ்வதும் ஆய்வாளருக்கு அழகல்ல.

அதன் கேடு எவ்வாறு நிறுவப்பட்டது என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பூச்சிக்கொல்லிகளின் கேட்டைச் சொன்ன ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூல் 1962இல் வெளிவந்து உலகை உலுக்கியது. ஆனால் இன்று நாம் பாடத்தில் நடத்தும் முட்டையோட்டுச் சான்று அப்போது எவருக்கும் தெரியாது.

பொரி வல்லூறுகள் பெருகிவிட்டன, எங்கள் பறவைகளைக் கொன்று தின்கின்றன என்று பிரிட்டனின் பந்தயப் புறா வளர்ப்போர் முறையிட்டார்கள். அதைச் சரிபார்க்க 1961இல் பறவை ஆய்வாளர் டெரக் ராட்கிளிஃப் தலைமையில் கணக்கெடுப்பு தொடங்கியது. பெருகிவிட்டதாகச் சொல்லப்பட்ட வல்லூறு, தென் இங்கிலாந்தின் கடற்பாறைகளில் அநேகமாக அற்றுப்போயிருந்தது! எஞ்சிய கூடுகளில் உடைந்த முட்டைகள் கிடந்தன. ஓடு மெலிந்துவிட்டதோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. மெலிந்தது என்று சொல்ல, மருந்து வருவதற்கு முந்தைய ஓடு வேண்டுமே?

அது முட்டை சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் இருந்தது. துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, எடுத்த இடத்தையும் நாளையும் குறித்துப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தார்கள். பறவை ஆர்வலர்கள் வெறுத்த பழக்கம் அது. வெறுத்ததற்கு நியாயமும் உண்டு. ராட்கிளிஃப் அந்த ஓடுகளை உடைக்காமலே அளக்க வழி கண்டார். எடையை, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தார். 1947ஐ ஒட்டி அந்த எண் சட்டென்று சரிந்திருந்தது. டி.டி.டி. பொதுப் பயன்பாட்டுக்கு வந்த காலமும் அதுவே. 1967இல் ‘நேச்சர்’ இதழில் அந்த முடிவு வெளியானது. மறு ஆண்டே ஜோசப் ஹிக்கியும் டேனியல் ஆண்டர்சனும் அமெரிக்க அருங்காட்சியகங்களின் முட்டைகளிலும் அதையே கண்டார்கள்.

டி.டி.டி. உடலுக்குள் டி.டி.இ. ஆக மாறிக் கொழுப்பில் தங்குகிறது. சிறு மீனைத் தின்னும் பெரிய மீன், அதைத் தின்னும் பறவை என்று படிக்குப் படி அதன் செறிவு ஏறுகிறது. பறவையின் ஓட்டுச் சுரப்பியில் கால்சியம் சேர்வதை அது தடுக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் டி.டி.டி. தயாரித்த ஆலையின் கழிவு சாக்கடை வழியே கடலில் கலந்தது. 1970இல் அக்கடலின் அனகாபா தீவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் 552 கூடுகள் கட்டின. பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு. அடைகாத்த பறவையின் பாரமே முட்டைகளை நொறுக்கியது.

மனிதர்களின் நிலையும் சேமித்து வைத்த சான்றால்தான் தெரிந்தது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் 1959 முதல் 1967 வரை கருவுற்ற பெண்களிடம் எடுத்த குருதி உறைநிலையில் காக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து பார்பரா கோன் குழுவினர் அதைச் சோதித்தார்கள். 14 வயதுக்கு முன்பே டி.டி.டி.க்கு ஆட்பட்டு, குருதியில் அதன் அளவு மிகுந்திருந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஐந்து மடங்கு கூடுதலாக வந்தது என்று 2007இல் எழுதினார்கள். தாயின் குருதியில் அளவு மிகுந்திருந்தால் மகளுக்கு அந்நோயின் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று 2015இல் எழுதினார்கள். அமெரிக்கா 1972இல் மருந்தைத் தடை செய்துவிட்டது; கருவறையில் அதை வாங்கிக்கொண்ட மகளோ நடுவயதில் நோயாளி ஆகிறாள். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்தியாவில் வேளாண்மையில் டி.டி.டி. 1989இல் தடை செய்யப்பட்டது. கொசு ஒழிப்பில் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. கோவை ஆனைகட்டியின் சாலிம் அலி மையம் பறவைகளின் உடலில் தங்கிய பூச்சிக்கொல்லி எச்சங்களை ஆய்ந்திருக்கிறது. ஆனால் நம் ஆய்வகங்கள் பலவற்றில் திட்ட நிதி தீர்ந்ததும் உறைபெட்டி காலியாவதை நான் கண்டிருக்கிறேன். அளந்து முடித்த தாய்ப்பாலும் ஈரலும் கழிவுத் தொட்டிக்குப் போகின்றன. நாளை வரப்போகும் கேள்வியை இன்றே எவராலும் ஊகிக்க முடியாது. அதனால்தான் இந்த வழக்கத்தைக் கண்டு அஞ்சுகிறேன்.

ஆகவே, மாதிரிகளைக் காக்கப் பொது உறைகாப்பகம் ஒன்று வேண்டும் என்ற தீர்மான வரைவை நாளை நிறைவு அமர்வில் முன்வைப்பேன். தாய்மாரிடம் பெறும் பாலுக்கும் குருதிக்கும் அவர்களின் ஒப்புதல் வேண்டும். கண்டறிந்ததை அவர்களிடம் சொல்லவும் வேண்டும். இவ்விரண்டும் வரைவில் உள்ளன. மின்கட்டணத்தை யார் ஏற்பது, காப்பகத்துக்கு யார் பொறுப்பு என்பவை எழுதப்படாமல் இருக்கின்றன. அந்த இரண்டு பத்திகளையும் இந்த அவைதான் எழுதித் தர வேண்டும்.