இடக்கையாற் காத்த இடம்



வீரன் என்றதும் ஓங்கிய தோளும் முறுக்கிய மீசையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. இன்று நாம் சொல்லப் புகுந்தவரின் உயரம் 4 அடி 11 அங்குலம். சமாதான காலமாயிருந்தால் அவரைப் பட்டாளத்தில் எடுத்திருக்கவே மாட்டார்கள். யுத்தம் மூண்டபடியால் அளவுகோல் தளர்ந்தது. நேபாள மலைக்கிராமமொன்றில் 1917இல் பிறந்த லச்சிமன் குருங், 1940இல் கூர்க்காப் படையிலே சேர்ந்தார்.

1945 மே மாதம் ஐரோப்பாவில் யுத்தம் ஓய்ந்துவிட்டது; பர்மாவில் ஓயவில்லை. ஐராவதி நதியின் மேற்குக் கரையில், தவுண்டோ என்னும் ஊரருகே, 8ஆம் கூர்க்கா ரைபிள் படையின் ஒரு பிரிவு காவலிருந்தது. காட்டுப்பாதையை நோக்கிய முன்னணிப் பதுங்குகுழியிலே லச்சிமனும் தோழர் சிலரும் இருந்தனர். 13ஆம் திகதி அதிகாலை 1 மணி 20 நிமிடத்துக்கு, 200 பேருக்குக் குறையாத யப்பானியர் அவ்விடத்தைத் தாக்கினர்.

குழியின் விளிம்பிலே கைக்குண்டொன்று விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தார். இரண்டாவது குழிக்குள்ளேயே விழுந்தது, அதையும் எறிந்தார். மூன்றாவது, எறியுமுன் கையிலேயே வெடித்தது. வலக்கை விரல்கள் பறந்தன, புயம் சிதைந்தது, முகத்திலும் உடலிலும் வலக்காலிலும் காயம். தோழர் இருவரும் படுகாயமுற்று விழுந்தனர்.

அக்காலத்துத் துவக்கு தானாக இயங்குவதன்று. ஒவ்வொரு வெடிக்கும் பின்னர் பக்கத்திலுள்ள பிடியைப் பின்னுக்கு இழுத்து, வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, மறுபடி முன்னே தள்ளவேண்டும். அந்தப் பிடி இருப்பது வலப்பக்கத்தில்; வலக்கைக்காரனுக்காகச் செய்தது. லச்சிமனோ இடக்கை ஒன்றினாலேயே பிடியை இழுத்தார், தள்ளினார், குறி பார்த்தார், சுட்டார். தோட்டாக்கள் தீர்ந்தபோது நிரப்பியதும் அந்தக் கைதான். இப்படியே 4 மணி நேரம்! இதிலே ஆவேசம் எவ்வளவு, பொறுமை எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். பொறுமையே மிகுதி என்று நமக்குப் படுகிறது.

விடிந்தபின் அப்பிரிவின் காவலிடத்தைச் சுற்றி 87 யப்பானியரின் சடலங்கள் எண்ணப்பட்டன. அவற்றுள் 31 லச்சிமன் இருந்த முனைக்கு நேரே கிடந்தன. இத்தொகையைச் சொல்லி நாம் கைதட்டுவதற்கில்லை. அவர்களுக்கும் வீடுகளில் தாய்மார் காத்திருந்தனர். போர் என்றால் என்னவென்று இந்த நாட்டிலே பிறந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் இடம்விட்டுப் பெயராததால் பக்கத்திலே விழுந்துகிடந்த தோழர்கள் கைவிடப்படவில்லை என்பதையே நாம் பெரிதாகக் கொள்கிறோம்.

அவ்வாண்டு டிசெம்பரில், தில்லிச் செங்கோட்டையிலே, இராசப்பிரதிநிதி வேவல் பிரபு அவருக்கு விக்டோரியாச் சிலுவையை அணிவித்தார். மகன் பெறும் பெருமையைக் காண முதிய தந்தையாரைக் கிராமத்திலிருந்து 11 நாட்கள் சுமந்து கொண்டுவந்தார்களாம். வலக்கண்ணும் வலக்கையும் பயனற்றுப்போன மகனையே அவர் அங்கே கண்டார். மார்பிலிருந்த பதக்கத்தை முதலிற் பார்த்தாரோ, கையைப் பார்த்தாரோ!

விழுப்புண்ணைப் போற்றிய மரபு நம்முடையது. மாண்டவனுக்கு நடுகல் நாட்டினோம். மீண்டவனுக்கு என்ன செய்தோம் என்று பெரியோர்களைக் கேட்க விரும்புகிறோம். பிரித்தானியாவிலும் இக்கேள்வி எழுந்தது. 1997 யூலைக்கு முன் ஓய்வுபெற்ற கூர்க்காக்களுக்கு அங்கே குடியேறும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அதற்கெதிரான போராட்டத்திலே, 2008இல் இலண்டன் வந்து குடியேறிய லச்சிமனும் முதுமையைப் பாராது கலந்துகொண்டார். 2009 ஏப்ரல் 29ஆம் திகதி பாராளுமன்றத்திலே 267க்கு 246 என்ற வாக்குகளால் அரசாங்கம் தோற்றது. அடுத்த மாதமே, 4 ஆண்டுகளேனும் சேவை செய்தோர் யாவருக்கும் அவ்வுரிமை வழங்கப்படுமென அறிவித்தார்கள்.

அப்போது லச்சிமனுக்கு வயது 91. மறு ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதி, அவர் இலண்டனிலே காலமானார்.