ஊர்ப் பேச்சும் உரைகல்லும்

இன்று பட்டம் பெறும் அருமை மாணவ மாணவியரே,

நீங்கள் கற்ற துறைகள் பலவாயினும், இம்மண்டபத்தை விட்டு வெளியேறியதும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக வாய்க்கப்போவது மனிதர்களிடையே வாழும் வாழ்க்கையே. ஆகையால், மனிதர் ஒருவரால் ஒருவர் எவ்வாறு மாறுகின்றனர் என்பதை ஆராயும் சமூக உளவியல் என்னும் விஞ்ஞானத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று சொல்லும் நம் ஊரே, ஆள் கூடினால் பாம்பு சாகாது என்றும் சொல்கிறது. சமயத்திற்கு ஏற்றதை எடுத்துப் பேசிவிட்டு, இரண்டையும் மெய்யென்றே நம்பி நாம் காலங்கழிக்கிறோம். இவற்றுள் எது, எந்தச் சூழ்நிலையில், எவ்வளவு மெய் என்று உரைத்துப் பார்க்கத் துணிந்தபோதுதான் இத்துறை விஞ்ஞானமாயிற்று. 1898-இல் அமெரிக்காவின் நார்மன் டிரிப்ளெட், தூண்டில் நூலைச் சுற்றும் உருளைகளைச் சிறுவர் கையில் கொடுத்து, தனியே சுற்றுவதைவிடத் துணையோடு சுற்றும்போது பலருடைய கை விரைவதைக் கண்டார். 1913-இல் பிரான்ஸின் வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கெல்மான், கயிறு இழுப்போர் தொகை பெருகப் பெருக, ஒவ்வொருவர் செலுத்தும் இழுவிசை குறைவதை அளந்து வெளியிட்டார். கோடி நன்மையும் மெய். சாகாத பாம்பும் மெய். எது எப்போது என்பதே சாஸ்திரத்தின் கேள்வி.

ஊர்ப் பேச்சை உரைத்துப் பார்க்கும் அத்துணிவு நம் தேசத்து மண்ணிலும் எழுந்தது. 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரை உலுக்கிய பெரும் பூகம்பத்திற்குப் பின், இன்னும் பெரிய நடுக்கம் வரப்போகிறது, வெள்ளம் வரப்போகிறது, புயல் வரப்போகிறது என்று அழிவுக்குத் தப்பிய ஊர்களிலும் வதந்திகள் பரவின. படித்தவர்கள் பாமரரின் பேதைமை என்று ஒதுக்கிவிடக்கூடிய அப்பேச்சுகளை, ஜமுனா பிரசாத் என்னும் உளவியலறிஞர் பொறுமையுடன் திரட்டி ஆராய்ந்து, 1935-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அக்கட்டுரையைப் படித்த அமெரிக்க அறிஞர் லியோன் பெஸ்டிங்கருக்கு ஓர் ஐயம் பிறந்தது. நில அதிர்ச்சியை உணர்ந்தும் நாசம் எதையும் காணாத மக்கள், ஆறுதல் தரும் செய்தியைத் தேடாமல், அச்சத்தைப் பெருக்கும் செய்தியை ஏன் நம்பினார்கள்? நெஞ்சு நடுங்குகிறது, நடுக்கத்திற்குக் காரணமோ கண்ணெதிரில் இல்லை. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முரணைத் தாங்கமாட்டாத மனம், தன் அச்சத்திற்கு ஏற்ற காரணத்தைத் தானே படைத்துக்கொண்டது என்று அவர் அனுமானித்தார். அவ்வாறாயின், நாசத்தைப் பிரத்தியட்சமாகக் கண்டவரிடையே இத்தகைய வதந்தி எழக்கூடாது அல்லவா? டார்ஜிலிங் நிலச்சரிவின் அழிவைக் கண்ணாரக் கண்டவரிடையே பரவிய பேச்சுகளைத் துர்கானந்த் சின்ஹா என்னும் உளவியலறிஞர் திரட்டி 1952-இல் வெளியிட்டிருந்தார். அங்கே இனி வரப்போகும் பேரழிவைப் பற்றிய வதந்திகள் காணப்படவில்லை.

இவ்வாறு துளிர்த்த சித்தாந்தத்தை 1957-இல் நூலாக வெளியிட்ட பெஸ்டிங்கர், அதோடு அமையாமல், 1959-இல் கார்ல்ஸ்மித் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து ஸ்டான்ஃபோர்டு மாணவர் 71 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையையும் வெளியிட்டார். சலிப்பூட்டும் வேலையைச் செய்தபின், அது சுவையானது என்று பிறரிடம் சொல்லச் சிலருக்கு 20 டாலரும் சிலருக்கு ஒரே டாலரும் தரப்பட்டன; ஒரு டாலர் பெற்றவர்களே அவ்வேலை உண்மையில் இனிதாக இருந்ததென்று அதிகம் நம்பினர். சொன்ன பொய்க்குப் போதிய காரணம் கைக்கு வராதபோது, மனம் அப்பொய்யையே மெய்யாக்கிக்கொண்டது.

இத்துறையின் நேர்மையையும் நீங்கள் அறிய வேண்டும். உளவியல் ஆய்வுகள் 100-ஐ மீண்டும் செய்துபார்த்து 2015-இல் வெளியிட்ட முடிவுகளில், ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவானவையே முன்போல் நிலைநின்றன. சமூக உளவியலின் பங்கு அதனினும் குறைவு. அம்முடிவை உளவியலாளர்கள் தாமே கண்டறிந்து, தாமே உலகறியச் சொன்னார்கள். தன் தராசையே நிறுத்துப் பார்க்கும் அந்தத் துணிவைத்தான் நான் விஞ்ஞானம் என்று போற்றுகிறேன்.

அருமை மாணவர்களே, நாளை நீங்கள் அதிகாரிகளாகவும் மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஜனங்களின் நடுவே நிற்கும்போது, உங்களுக்கு அறிவீனமாகத் தோன்றும் நம்பிக்கை ஒன்று ஊரில் பரவக்கூடும். நம்பியவரை ஏளனம் செய்யாமல், அந்நம்பிக்கை எந்த அச்சத்திற்குத் துணையாக வந்தது என்று கேளுங்கள். அதற்கு உங்கள் மனம் தரும் விடையும் உங்கள் சொந்த முரணைத் தணிக்கப் பிறந்ததாக இருக்கலாம். ஆகையால் அதையும் உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். பீகாரின் ஊர்ப் பேச்சுக்குச் செவிசாய்த்த ஒருவர் இருந்ததனால் உலகுக்கு ஒரு சித்தாந்தம் கிடைத்தது. உங்கள் செவிகள் அவ்வாறே திறந்திருக்கட்டும்; கற்ற கல்வி உங்களுக்கும் உங்களை நாடி வருவோர்க்கும் நலம் பயப்பதாகுக.