வீட்டுக்கு வர்ற பராமரிப்புக்கு யார் பொறுப்பு?

நம்மில் பலர் வாட்ஸ்அப்பில் நம்பர் வாங்கி, ஒரே போனில் முடித்துவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. வயதான அப்பாவையோ பாட்டியையோ பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலமாக ஆள் வைப்பது. ‘ஹோம் கேர்’. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

புதுச்சேரியில் இது நிறைய வீடுகளின் கதை. பிள்ளைகள் சென்னையில், பெங்களூருவில், சில வீடுகளில் பாரிஸில். பெற்றோர் மட்டும் முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ தனியாக.

என் பெரியம்மா பக்கவாதம் வந்து படுத்தபோது நாங்களும் ஆள் வைத்தோம். ஒரே மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். இரண்டாவதாக வந்த அக்காவுக்கு, படுத்திருப்பவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கணும் என்றே யாரும் சொல்லித்தரவில்லை. பெரியம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டது. ஏஜென்சிக்கு போன் பண்ணினால், “வேற ஆள் அனுப்புறோம் மேடம்.” அவ்வளவுதான் பதில்.

அந்த அக்கா அதற்கு முன்னாடி ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். நாங்கள் கட்டிய பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் அவர் கைக்குப் போனது. வார லீவும் கிடையாது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த ஏஜென்சியை யார் செக் பண்றாங்க என்ற கேள்விதான் வந்தது.

தேடிப் பார்த்தேன். மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் 2010-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் புதுச்சேரியிலும் உண்டு. ஆனால் அது பார்ப்பது மருத்துவமனை, நர்சிங் ஹோம், கிளினிக், லேப் மாதிரியான இடங்களை. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியைப் பற்றி அதில் தனியாக ஒரு வார்த்தை இல்லை. மூத்த குடிமக்களுக்கான 2007 சட்டத்தைத் திருத்த, 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. ஹோம் கேர் ஏஜென்சிகளைப் பதிவு செய்யணும் என்று அதில் இருந்தது. நிறைவேறவே இல்லை. 2024-ல் அந்த மக்களவை கலைந்ததோடு மசோதாவும் காலாவதி ஆகிவிட்டது.

நம்ம ஊருக்குப் பழைய பந்தம் உள்ள பிரான்ஸைப் பாருங்கள். அங்கே முதியவர்களின் வீட்டுக்கு உதவியாளர் அனுப்பும் நிறுவனம், மாவட்ட மன்றத்திடம் அனுமதி வாங்கணும். சுயமாக இயங்க முடியாத, 60 வயது கடந்தவர்களுக்கு இந்தச் செலவுக்காகவே 2002 முதல் உதவித்தொகையும் உண்டு.

வேலைக்கு வருபவர் நிலைமையும் இதே கதைதான். வீட்டு வேலை செய்பவர்களின் உரிமைக்கான 2011-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. தூக்கமும் லீவும் இல்லாதவரால் நம்ம பாட்டியை எப்படி ஒழுங்காகப் பார்த்துக்க முடியும்? இரண்டும் ஒரே பிரச்சினைதான்.

சட்டம் வரும்வரை நாம் என்ன பண்ணலாம்?

ஊசி, டியூப் வழி உணவு, கதீட்டர் என்றால் நர்ஸ்தான் வேணும். நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அட்டெண்டர் என்றால் எங்கே, எத்தனை மாதம் பயிற்சி என்று கேளுங்கள். அடுத்தது, எல்லாம் எழுத்தில் இருக்கணும்: வேலை நேரம், லீவு, மாற்று ஆள், அவர் கைக்குப் போகும் சம்பளம். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்குப் புரட்டினார்கள், மாத்திரை, சாப்பாடு, சுகர் எல்லாம் அதில் வரட்டும். தினமும் அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

சேவை சரியில்லையா? காசு வாங்கிச் செய்யும் சேவை என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. முதியவர்களுக்கான எல்டர்லைன் 14567. ரசீதும் ஒப்பந்தமும் அந்த நோட்டும்தான் அப்போது உங்கள் சாட்சி.

ஒரு பியூட்டி பார்லருக்குப் போகும் முன் பத்து ரிவ்யூ படிக்கிறோம். வீட்டுச் சாவியைக் கொடுக்கும் முன் பத்துக் கேள்வியாவது கேட்போம். கேட்கிறவங்க கூடினால்தான் பதிவும் தரமும் சட்டத்தில் வரும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.