படுத்துக்கொண்டே ஒரு பயணம்

தாய்லாந்தில் புக்கெட் பக்கத்தில் பாங் ங்கா வளைகுடா. அங்குள்ள சுண்ணாம்புப் பாறைத் தீவுகளுக்குள் கடல்குகைகள் உண்டு. துடுப்பே பிடிக்காதவரும் கயாக்கில் போகலாம். பெரும்பாலும் வழிகாட்டியே ஓட்டுவார். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கழற்றாதீர்கள்.

நல்ல நேரம் பார்ப்பது பஞ்சாங்கத்தில் இல்லை, கடல்மட்டத்தில். நீர் ஏறினால் குகைவாய் மூடிவிடும். ரொம்ப வற்றினால் படகு தரைதட்டும். இடைப்பட்ட வேளையில் "படுங்க" என்பார் வழிகாட்டி. மல்லாந்தால் மூக்குக்கு ஒரு சாண் மேலே பாறை, அதில் கூரான சிப்பிகள். கை நீட்டினால் கிழிக்கும். வௌவால் நாற்றம் வேறு!

இருட்டைத் தாண்டியதும் திடீரென்று வானம். எப்போதோ கூரை இடிந்து உண்டான திறந்தவெளி. சுற்றிலும் செங்குத்துப் பாறை, நடுவே அலையாத்தி மரங்கள். வழிகாட்டி "கிளம்பலாம்" என்றால், "இன்னும் ஒரே ஒரு செல்ஃபி" என்று பேரம் பேசாதீர்கள். நீர் ஏறினால் வந்த வழி அடைபடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும்.