எழுதிய சொல்லே ஆணை

(இளம் அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)



அரசின் நலத்திட்டங்கள் வரவு செலவுத் திட்டத்தில் தொகையாக உருப்பெறுகின்றன. அத்தொகை பயனாளியின் கைக்குச் சேருமுன் குறிப்பு, குறிப்பாணை, சுற்றறிக்கை, மின்னஞ்சல் எனப் பல எழுத்துகளைக் கடந்தாக வேண்டும். அவற்றுள் ஒன்று தெளிவற்றிருந்தாலும் திட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. எனவே, அலுவலக எழுத்தை நடை அழகைச் சார்ந்த பொருளாகக் கருதலாகாது; அது நிர்வாகத்தின் ஒரு செயலாகும்.

இவ்வுண்மையை உணர்த்தும் வழக்கு ஒன்றுண்டு. 1947 ஜூலையில் பம்பாய்க் காவல்துறை ஆணையர், அந்தேரியில் திரையரங்கு ஒன்று கட்டுவதற்கு அனுமதி வழங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரிடமிருந்து மற்றொரு கடிதம் சென்றது. அனுமதி ரத்து செய்யப்படுவதைத் தெரிவிக்குமாறு தாம் அரசால் பணிக்கப்பட்டிருப்பதாக அது கூறிற்று. விதிகளின்படி ரத்து செய்யும் அதிகாரம் ஆணையரிடமே இருந்தது. அம்முடிவு தம்முடையதே என்று பின்னர் அவர் விளக்கமளித்தார். 1951-இல் உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. பொது ஆணையொன்றை அதிலுள்ள சொற்களைக் கொண்டே பொருள் கொள்ள வேண்டும். எழுதியவர் மனத்தில் இருந்ததைப் பின்னர் எடுத்துரைப்பது உதவாது என்பது தீர்ப்பின் சாரம். 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கிலும் இக்கொள்கை வலியுறுத்தப்பட்டது. பழக்கத்தால் கைக்கு வந்துவிடும் 'பணிக்கப்பட்டுள்ளேன்' என்ற ஒரு சொல்லே ஆணையின் தன்மையை மாற்றிவிடக்கூடும் என்பதை இளம் அலுவலர்கள் மறத்தலாகாது.

மத்தியச் செயலக நடைமுறைக் கையேடு ஒவ்வொரு எழுத்து வடிவத்திற்கும் ஓர் இலக்கணம் வகுத்துள்ளது. அமைச்சகங்களுக்கிடையே செல்லும் அலுவலகக் குறிப்பாணை படர்க்கையில் எழுதப்படும். அதில் விளிச்சொல் இராது. ஒரு பொருளில் மற்றோர் அலுவலரின் தனிக் கவனத்தைக் கோரும்போது எழுதப்படும் நேர்முகக் கடிதமோ தன்மையில் அமையும். படர்க்கை நடை நடுநிலையைக் காக்கிறது. ஆயினும், பொறுப்பாளரை மறைத்துவிடும் இடரும் அதற்கு உண்டு.

'மேற்படி பொருள் குறித்து உரிய நடவடிக்கை விரைந்து மேற்கொள்ளப்பட வேண்டுமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று ஒரு சுற்றறிக்கை வருவதாகக் கொள்வோம். நடவடிக்கை எடுக்க வேண்டியவர் யார்? எந்த நடவடிக்கை? எந்நாளுக்குள்? மூன்றுக்கும் அதில் விடையில்லை. அதனைப் பெறும் அலுவலகம் 'தக்க நடவடிக்கைக்காக' என்று குறித்து அடுத்த அலுவலகத்திற்கு அனுப்பிவிடுகிறது. அதே செய்தியைப் பின்வருமாறு எழுதலாம்: 'கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்களுள் வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படாதோரின் பட்டியலை, மாவட்ட நல அலுவலர் ஜூலை 20-க்குள் இயக்குநருக்கு அனுப்ப வேண்டும்.' இதில் ஆள், செயல், நாள் ஆகிய மூன்றும் உள்ளன. முதல் வாக்கியத்தால் இழப்புக்கு உள்ளாகிறவர் அதை எழுதியவர் அல்லர். கட்டணம் செலுத்த வழியின்றிக் காத்திருக்கும் மாணவரே.

மின்னஞ்சல் வந்ததனால் இக்கடமை குறைந்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. ஆகவே மின்னஞ்சலும் ஓர் ஆவணமே. பேச்சின் சாயலில் அவசரமாக எழுதி அனுப்பத்தக்கதன்று. ஒரு மின்னஞ்சலில் ஒரு பொருளே இடம்பெற வேண்டும். பொருள் வரியே கேட்கப்படுவது இன்னதென அறிவிக்க வேண்டும். கோரிக்கை முதற்பத்தியிலும் பின்னணி அதன் பின்னரும் அமைதல் நன்று. செயற்பட வேண்டியவர் 'பெறுநர்' இடத்திலும், அறிந்திருக்க வேண்டியவர் மட்டும் 'நகல்' இடத்திலும் இருத்தல் வேண்டும். இருபது பேருக்கும் பொதுவாகச் சென்ற கோரிக்கை எவருடைய பொறுப்பும் ஆகாமற் போவதுண்டு. சினத்தில் எழுதிய மறுமொழியை மறுநாள் வரை அனுப்பாது வைத்திருப்பது அறிவுடைமை. தாள் மேசையில் காத்திருக்கும்; மின்னஞ்சலோ நொடியில் சென்றுவிடும். தெளிவைப் போலவே குழப்பமும் அதே விரைவில் பரவுகிறது.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு அரசின் ஆவணங்களைக் காணும் உரிமையை அளித்தது. நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை, அவற்றால் பாதிக்கப்படுவோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டத்தின் நான்காம் பிரிவு விதிக்கிறது. காரணம் கூறாது 'பரிசீலிக்க இயலவில்லை' என ஒரே வரியில் மனுவைத் திருப்பும் வழக்கம் இச்சட்டத்தின் நோக்கத்திற்கு முரணானது. எந்த விதியின்கீழ் மறுக்கப்பட்டது, எந்தச் சான்று குறைவு, மேல்முறையீடு யாரிடம் செய்வது என்பவற்றை நான்கு வரிகளில் எழுதிவிடலாம். அந்நான்கு வரிகள் முதியவர் ஒருவரின் மூன்று பயணங்களை மிச்சப்படுத்தக்கூடும்.

கையொப்பமிடுமுன் ஒவ்வோர் அலுவலரும் தம் எழுத்தை அதனைப் பெறுபவரின் இடத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். கோப்பை எழுதியவர் மாற்றலாகிச் செல்வார். விளக்கம் சொல்ல அவர் அருகில் இருக்கமாட்டார். அப்போது அவருக்காகப் பேசுவது அவர் எழுதிவைத்த சொல் ஒன்றே.