எருதுகள் நடந்த பாதை

வடக்கே உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களுக்கு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பழகிப்போன வண்டி. இடார்சியைக் கடந்தால் நர்மதைப் பாலம். பிறகு போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா. நாம் ஜன்னலோரம் அமர்ந்து கடக்கும் இந்தப் பூமியில் இருப்புப்பாதைக்கு முன்பே ஒரு பாதை இருந்தது. சூரத்தில் புறப்பட்டு, புர்ஹான்பூர் வந்து, ஹண்டியாவில் நர்மதையைத் தாண்டி, சிரோஞ்ச், குவாலியர் வழியாக அது ஆக்ராவை அடைந்தது.

இத்தகைய பாதைகளில் தானியமும் உப்பும் எருதுகளின் முதுகிலேறிச் சென்றன. ஓட்டிச் சென்றவர்கள் பஞ்சாரர்கள். நம் ஊர்ப்பக்கம் லம்பாடிகள் என்கிறோமே, அவர்கள்தாம். அவர்களுடைய கூட்டத்துக்குத் தாண்டா என்று பெயர். 1632-இல் ஆக்ராவிலிருந்து பாட்னாவுக்குப் பிரயாணம் செய்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், 14,000 எருதுகள் கொண்ட தாண்டா ஒன்று எதிர்ப்பட்டதாக எழுதியிருக்கிறார். இப்படியொரு கூட்டம் கடந்து செல்வதற்குச் சில சமயம் இரண்டு மூன்று நாள் காத்திருக்க நேரும் என்கிறார் பிரெஞ்சு வணிகர் தவர்னியே. சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் நாம் என்ன பாடுபடுகிறோம்!

இத்தனை எருதுகளுக்கும் தீனி ஏது? வழியோரப் புல்தான். தொழிலின் சூட்சுமமே அதுதான். புல்லுக்கு விலையில்லை, ஆதலால் கூலி மலிவு. மேய்ந்துகொண்டே நடப்பதால் நடை மந்தம். மணியும் சோழியும் பூண்ட தலைமை எருது முன்னே செல்லும். இரவில் மூட்டைகளையே மதில்போல் அடுக்கி, உள்ளே பெண்டு பிள்ளைகள் உறங்குவார்கள். வெளியே நாய்கள் காவல்.

அந்தத் தானியம் யாருடைய பசியைத் தீர்த்தது என்று கேட்டால் மனம் கனக்கிறது. 1630 முதல் 1632 வரை குஜராத்தையும் தக்காணத்தையும் கொடும் பஞ்சம் வாட்டியது. ஷாஜஹான் அப்போது படையுடன் புர்ஹான்பூரில் தங்கியிருந்தார். அவ்வழியே சென்ற மண்டி, பட்டினியால் மாண்டவர்களைச் சாலையெங்கும் கண்டார். மாளவத்துத் தானியமோ எருதுகளின் மேல் பாசறைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர்களை மட்டும் குறைகூறுவது நியாயமன்று; வாங்கும் சக்தி படைக்கு இருந்தது, குடியானவனுக்கு இல்லை. திப்புவுக்கு எதிராக 1791-92-இல் போரிட்ட காரன்வாலிஸின் படைக்கும் பஞ்சாரர்களே தானியம் கொண்டுவந்தார்கள். படைகளுக்கு வேண்டியவர்களாக இருந்தவரை அவர்களுக்கு மதிப்பும் இருந்தது.

1870-இல் பம்பாயும் கல்கத்தாவும் ரயிலால் இணைந்தன. தாண்டாக்களின் தொழில் தேய்ந்தது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. ஊர் ஊராய் நடப்பதே பிழைப்பாக இருந்தவர்கள், நடப்பதனாலேயே சந்தேகத்துக்கு ஆளானார்கள். பஞ்சாரர்களில் பல பிரிவினர் அதன் பட்டியலில் ஏறினர். தமிழ்நாட்டில் கள்ளர் முதலியோரைக் கைரேகை வைக்கச் சொன்னதும் அவ்வழி வந்த சட்டமே. 1952-இல்தான் அது நாடெங்கும் நீங்கியது.

தெலங்கானாவிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் வசிக்கும் நேயர்கள், தாண்டா என்று முடியும் சிற்றூர்ப் பெயர்களைப் பார்த்திருக்கலாம். நடந்து சென்ற கூட்டத்தின் பெயர் இன்று நிலைத்துவிட்ட குடியிருப்பின் பெயர். மராட்டவாடாவிலுள்ள அத்தகைய ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் பலர் பிள்ளைகுட்டிகளுடன் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள்.