கொல்லையில் குட்டைச் செண்பகம்

செண்பகம்னா பறிக்க எட்டாது, நட்டவர் காலத்தில் பூக்காது என்று பலர் வைக்காமலே விட்டுவிடுகிறோம். விதைக் கன்று வைத்தால் பூக்க ஏழெட்டு வருஷம்கூட ஆகும், வாஸ்தவந்தான். ஒட்டுக் கன்று வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் கைக்கெட்டும் உயரத்தில் பூக்கும்.

கன்று வாங்கும்போது தண்டின் அடியில் ஒட்டுக் கட்டிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். தழும்புக்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுவே ஓங்கி ஒட்டை அமுக்கிவிடும்.

இரண்டடிக் குழியில் மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து போட்டு, ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். செண்பகத்துக்கு ஈரம் வேணும். தேங்கும் தண்ணீர் ஆகாது, வேர் அழுகிப்போகும். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் வடிந்துவிடும். சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் ஓரடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வடிகால் வெட்டிவிடுங்கள். சித்திரை வெயிலுக்கு அடியில் சருகு மூடாக்குப் போடுங்கள்.

ஆளுயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வெடிக்கும். பூ ஓய்ந்ததும் நீண்ட கிளைகளை அளவாகக் கவாத்து செய்யுங்கள். காய் பிடிக்க விடாதீர்கள். மரத்தின் சத்து அதில் போகும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் மாவட்டத்தில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று உங்களுக்கே தெரியும். குட்டையாய் வளர்த்த மரத்துக்குக் காற்றின் பிடி குறைவு. பறிக்க ஏணியும் வேண்டாம், வீட்டுப் பெண்பிள்ளைகளே விடியற்காலையில் பறித்துக்கொள்ளலாம்.